கடைமடை

தொடையில் மண்வெட்டி இறங்கியவனை
டிராக்டர் பெட்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள்.
கெட்மென் என்பார்கள் இங்கே அதை,
அகன்ற அலகு, ஆளுயரக் காம்பு.
பாத்கென் மலையடிவாரத்தில் ஜூலை மாதம்
தண்ணீருக்குச் சண்டை மூண்டால்
கைக்கு முதலில் கிடைப்பது அதுதான்.

பெயர் எசென்கெல்தி. வயது ஐம்பத்திரண்டு.
தொழில் என்ற கட்டத்தில் செவிலி ஜிப்பார்
'மீராப்' என்று எழுதியிருந்தாள்:
ஊர் வாய்க்காலில் யாருக்கு எத்தனை மணி நேரம் என்று
மடை திறப்பவன். மடை அடைப்பவன்.

வந்தபோது நாடி நூலாக இருந்தது,
உதடு காகிதம்.
தமனியைத் தைத்தேன். நான்கு பை ரத்தம் ஏற்றினோம்.
ஐந்தாவதுக்கு எங்கள் ஆம்புலன்ஸ் ஓட்டுநரே கையை நீட்டினான்.
விடியலில் பாதம் வெதுவெதுத்தது,
கட்டைவிரலை ஆட்டிக் காட்டினான்.
மனைவி அனார்குல் மூட்டையைப் பிரித்து
எல்லோருக்கும் உலர்ந்த ஆப்ரிகாட் கொடுத்தாள்.
பிழைத்துவிட்டான் என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.

இரண்டாம் இரவு வயிறு வலிக்கிறது என்றான்.
அழுத்திப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது,
குறை சொல்ல ஒன்றுமில்லை.
தைத்த காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவன்
கட்டில் கம்பியைக் கடித்தான்.
விடியுமுன் வயிறு உப்பியது.
ரத்தத்தில் புளிப்பு ஏறிக்கொண்டே போனது.

தெரியும் எனக்கு. புத்தகத்தில் இரண்டு வரி.
ரத்தம் வற்றும்போது உடம்பு யாரையும் கேட்பதில்லை.
தோலுக்கு அடைக்கும், பிறகு குடலுக்கு.
மூளைக்கும் இதயத்துக்கும் மட்டும்
தலைவாய்க்கால் ஓடும்.
குடலுக்குள் போகும் சிறு குழாய்கள்
தங்கள் கழுத்தைத் தாங்களே நெரித்துக்கொள்ளும்.
அடைத்து நிற்பது எதுவுமில்லை, கட்டி இல்லை, கல் இல்லை.
வரத்து இல்லை, அவ்வளவுதான்.
வரத்து திரும்பினாலும்
மிரண்ட குழாய் உடனே திறப்பதில்லை.
அழுத்தம் ஏற்ற நான் செலுத்திய மருந்தும்
அந்தக் கழுத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கும்.
அதையும் எழுதி வைக்கிறேன்.

வயிற்றைத் திறந்தேன்.
சுருள் சுருளாய், சில இடம் இளஞ்சிவப்பு,
சில இடம் ஈயம்,
கடைசியில் இரண்டு முழம்
மிதிபட்ட முசுக்கட்டைப் பழம்.
வெந்நீர்த் துணியால் போர்த்திவிட்டு
கடிகாரத்தைப் பார்த்து நின்றோம்.

மயக்க மருந்துக்காரர் ஷைர்பெக் பேச்சை எடுத்தார்.
அடித்தவன் கடைசி வயல்காரனாம்.
பதினோரு நாள் அவன் முறையை வெட்டி
மேல்தோப்புக்குத் திருப்பிவிட்டாராம் இவர்.
இரண்டுக்கும் போதாதாம், மரம் பட்டால் பட்டதுதான்,
சோளம் போனால் அடுத்த வருடம் விதைக்கலாம் என்றாராம்.
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.
உவமையெல்லாம் கை சும்மா இருப்பவர்களுக்கு.
என் கையில் குடல் இருந்தது.

துணியை விலக்கினேன்.
ஈயத்தில் நிறம் ஊறியிருந்தது. ஓரிடத்தில்
மண்புழு நெளிவதுபோல் ஓர் அலை
எழுந்து, யோசித்து, நகர்ந்தது.
ஜிப்பார் மூச்சு விட்டாள்.
கருத்த இரண்டு முழம் அசையவில்லை.
சுண்டினேன்.
அசையவில்லை.

வெட்டி எடுத்தேன்.
முனைகளைக் கட்டி உள்ளேயே விட்டேன்.
வயிற்றை மூடவில்லை, நாளை மறுபடி பார்க்க வேண்டும்:
இன்று சிவந்திருப்பது நாளையும் சிவந்திருக்கும் என்று
கையெழுத்துப் போட எனக்குத் தைரியமில்லை.

வெளியே வராந்தாவில் ரத்தம் கொடுக்க ஏழெட்டுப் பேர்.
கடைசியாக ஒருத்தி, ரப்பர் காலணியில் காய்ந்த சேறு.
சேறு அல்ல, புழுதி.
எந்தப் பக்கம் என்று ஜிப்பார் கேட்டாள்.
கீழே, என்றாள்.
ஜிப்பார் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள்,
பிறகு ஊசி உறையைப் பிரித்தாள்.
பை நிறையும்வரை அவள் சுவரையே பார்த்திருந்தாள்.
பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்தபோதுதான் கேட்டாள்,
இன்றைக்கு மடையை யார் பார்க்கிறார்கள் என்று.